பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது ஸ்டீரியோ: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 1991 மாடல் இரண்டு இருக்கை கன்வெர்ட்டிபிள் வைத்திருக்கிறேன். கேசட் செட் நாடாவைத் தின்ன ஆரம்பித்துவிட்டது. பெரிய தொடுதிரை செட் வாங்கலாமா? வாங்குமுன் எதையெல்லாம் அளக்க வேண்டும்?

பதில்: முகப்பை எல்லாரும் அளக்கிறார்கள். ஆழத்தை அளப்பவர்தான் குறைவு. முகப்பில் பெரிய குழப்பம் கிடையாது. சிங்கிள் டின் (டின் என்பது செட் முகப்புக்கான ஜெர்மன் தர அளவு) என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். டபுள் டின் என்றால் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். சிங்கிள் டின் தகரக் கூடு நுழைய 182க்கு 53 மி.மீ. துவாரம் வேண்டும்.

செட் மாட்டுமா மாட்டாதா என்பது பின்பக்கத்தில்தான் முடிவாகிறது. சிடி போடும் செட்டுக்கு 160 மி.மீ.க்கு மேல் ஆழம் இருக்கும். அதற்குப் பின்னால் கப்ளர், ஆன்டெனா பிளக், வயர் வளைவு எல்லாவற்றுக்கும் இன்னும் 40 மி.மீ. ஒதுக்குங்கள். சின்ன கார்களில் அந்த இடத்தில் ஹீட்டர் குழாயோ காற்றுக் குழலோ குறுக்கே நிற்கும். செட்டைக் கையால் அழுத்தினால் கடைசி ஒரு விரற்கடை உள்ளே போகாமல் எதிர்க்கும். அங்கே பலம் காட்டினால் நசுங்குவது வயர்தான். யூஎஸ்பி, புளூடூத் மட்டும் உள்ள, டெக் (சிடி, கேசட் ஓட்டும் பகுதி) இல்லாத செட்களின் உடல் ஏறக்குறைய 100 மி.மீ. ஆழத்திலேயே முடிந்துவிடும். உங்கள் காருக்கு அதுவே சரி.

தொடுதிரையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூரையைத் திறந்து வெயிலில் ஓட்டும்போது திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கண்ணை எடுக்காமல் திருகக்கூடிய வால்யூம் குமிழ் உள்ள சிங்கிள் டின் போதும். முகப்பைக் கழற்றி எடுத்துப்போகும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது. திறந்த காருக்குப் பூட்டு ஒரு மரியாதைக்குத்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘50 வாட் x 4’ஐப் பார்த்து மயங்க வேண்டாம். 14.4 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு சாதாரண செட் சிதறலில்லாமல் தர முடிந்த உச்சமே ஏறக்குறைய 25 வாட். நடைமுறையில் 18, 20 வாட் கிடைக்கும். காற்றுச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டுமென்றால் ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் வையுங்கள். மஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை போல பேட்டரி டிக்கியில் இருக்கும் கார்களில் ஆம்புக்கு மெயின் வயர் இழுப்பது சுலபம். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் வைக்க மட்டும் மறக்காதீர்கள். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, வழியில் வயர் உரசி ஷார்ட் ஆனால் காரைக் காப்பாற்ற.

கேள்வி: பழைய செட்டைக் கழற்றும்போது டேஷ்போர்டு உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேட்டரியில் கை வைக்கும் முன், பழைய செட்டுக்குத் திருட்டுத் தடுப்புக் குறியெண் உண்டா என்று பாருங்கள். இருந்தால் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள கார் என்றால் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக் வயராக இருக்கலாம். அதில் மீட்டர் முனையை வைக்கவே கூடாது.

செட் முகப்பின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு சிறு துளைகள் இருந்தால் அதற்கென்றே யூ வடிவக் கம்பிச் சாவி இருக்கிறது. இரண்டு பக்கமும் ‘டிக்’ என்று கேட்கும்வரை நுழைத்து, சற்றே வெளிப்புறமாக விரித்தபடி இழுத்தால் செட் வழுக்கிக்கொண்டு வரும். துளை இல்லையென்றால் ஸ்க்ரூ சுற்றுச் சட்டத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். முப்பது வருடம் வெயில் குடித்த பிளாஸ்டிக் பிஸ்கட் மாதிரி உடையும். குளிர்ந்த காலையில் கழற்றாதீர்கள். காரை வெயிலில் நிறுத்திச் சூடேறிய பிறகு, பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே நெம்புங்கள். திருப்புளியை நுழைத்தால் தழும்பு நிரந்தரம்.

கேள்வி: 1984 மாடல் கூபே. வயர்களை நிறம் பார்த்துத்தான் இணைத்தேன். செட் ஆன் ஆகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. திரையில் ‘புரொடெக்ட்’ என்று காட்டி அணைந்துவிடுகிறது. செட் பழுதா?

பதில்: பெரும்பாலும் செட்டில் பழுது இருக்காது. குற்றவாளி காரின் பழைய ஸ்பீக்கர் வயரிங்தான்.

அந்தக் கால செட்களில் ஸ்பீக்கரின் ஒரு முனை எர்த்திலேயே, அதாவது மின்சாரம் திரும்பும் காரின் இரும்பு உடலிலேயே, இருந்தது. ஆகவே கார் தயாரித்தவர்கள் வயர் மிச்சம் பிடிக்க, இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸை ஒன்றாக்கி ஒரே வயரில் கொண்டுவந்தார்கள், அல்லது நேராகக் காரின் பாடியிலேயே முடுக்கிவிட்டார்கள். இன்றைய செட்களில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஆம்ப் சிப் வேலை செய்கிறது. பாட்டு ஓடாதபோதுகூட இரண்டிலும் சுமார் 6, 7 வோல்ட் நிற்கும். அதில் ஒன்று பாடியைத் தொட்டாலும், இடது மைனஸும் வலது மைனஸும் ஒட்டினாலும் சிப்புக்கு அது ஷார்ட்தான். நல்ல சிப் தன்னை அணைத்துக்கொள்ளும். மலிவான சிப் புகைந்துவிடும்.

சோதிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். செட்டை முழுவதுமாகக் கழற்றிவிட்டு ஓம் அளவில் வையுங்கள். ஒரு ஸ்பீக்கரின் ஜோடி வயருக்கு நடுவே 3லிருந்து 4 ஓம் காட்ட வேண்டும். அதில் எந்த வயருக்கும் பாடிக்கும் நடுவே எதுவும் காட்டக்கூடாது. அடுத்தது பலர் விட்டுவிடும் சோதனை: இடது பிளஸுக்கும் வலது பிளஸுக்கும் நடுவே அளந்து பாருங்கள். மீட்டர் அசையாமல் இருந்தால் நல்லது. 7 ஓம் அளவில் காட்டினால் இரண்டு ஸ்பீக்கர்களும் தொடராக நிற்கின்றன, அதாவது மைனஸ்கள் எங்கோ கைகோத்திருக்கின்றன என்று பொருள்.

இதற்கு ஒரே நேர்மையான வைத்தியம், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் புதிதாக ஜோடி வயர் இழுப்பதுதான். 1 சதுர மி.மீ. தாராளமாகப் போதும். கதவுக்குள் போகும் இடத்தில் ரப்பர் குழாய் வழியாகவே நுழையுங்கள். கதவை முழுக்கத் திறந்து பார்த்து, இழுபடாத அளவு தளர்ச்சி விடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த சின்ன டப்பா ஒன்றை இதற்கென்று விற்பார்கள். வேலை செய்யும், ஆனால் அடிநாதத்தைச் சாப்பிட்டுவிடும்.

பிளஸ், மைனஸ் தெரியாத ஸ்பீக்கருக்கு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ஒரு நொடி தொட்டுக் காட்டுங்கள். கூம்பு வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதே ஸ்பீக்கரின் பிளஸ். செட் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, மேசையில் 12 வோல்ட் பேட்டரியும் தனியாக ஒரு 4 ஓம் ஸ்பீக்கரும் வைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே பாடினால் கடைக்காரரிடம் சண்டை போட வேண்டாம்.

கேள்வி: 1980களின் செவ்ரலே கார்வெட், டெல்கோ-போஸ் ஸ்பீக்கர்களோடு. ஹெட் யூனிட்டை (டேஷ்போர்டு செட்டை) மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. அந்த அமைப்பில் ஒவ்வொரு ஸ்பீக்கர் பெட்டிக்குள்ளேயும் தனித்தனி ஆம்ப் இருக்கிறது. புது செட்டின் ஸ்பீக்கர் வயரை அதில் நேராகக் கொடுத்தால், ஏற்கெனவே பெருக்கிய ஒலியை மீண்டும் பெருக்கி, கரகரப்பும் இரைச்சலும்தான் மிஞ்சும். செட்டின் பெருக்காத ஒலி வரும் ஆர்சிஏ வெளியீட்டிலிருந்து, இதற்கென விற்கும் அடாப்டர் வழியாகக் கொடுத்தால் பழைய ஆம்ப்கள் ஏற்கும். ஆனால் அவற்றின் கெப்பாசிட்டர்கள் இந்த வயதில் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். செட் அணைந்திருக்கும்போதே படபடவென்று சத்தம் வந்தால் அதுதான் காரணம். ஆம்பை வெளியே எடுத்துவிட்டு, அந்த ஸ்பீக்கரை மட்டும் புது செட்டில் இணைக்கலாம் என்றும் நினைக்காதீர்கள். அதன் ஓம் மிகக் குறைவு, செட் தாங்காது. மாற்றுவதானால் செட், ஸ்பீக்கர், வயர் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பி அணைத்ததும் நேரமும் ஸ்டேஷன்களும் மறந்துபோகின்றன.

பதில்: மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன. மஞ்சளுக்கு எப்போதும் 12 வோல்ட் வேண்டும், சிவப்புக்குச் சாவி திருப்பினால் மட்டும். ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) கப்ளரில் 4ஆம் முள் நிரந்தரம், 7ஆம் முள் சாவி வழி. ஃபோக்ஸ்வாகன், ஆடி கார்கள் பலவற்றில் இது தலைகீழ். அதனால்தான் பல ஹார்னெஸ்களில் (இணைப்பு வயர் கட்டுகளில்) இந்த இரண்டு வயரிலும் கழற்றி மாற்றிப் பொருத்தும் முனை இருக்கிறது. மாற்றுங்கள், ஐந்து நிமிட வேலை.

கேள்வி: ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஙீ…’ என்று ஓர் ஊளை ஏறுகிறது. ஃபில்டர் வாங்கி மாட்டியும் குறையவில்லை.

பதில்: நோயைக் கண்டுபிடிக்காமல் மாத்திரை போட்ட கதை. எந்த ஒலியில் வருகிறது என்று முதலில் பாருங்கள். எஃப்எம்மில் மட்டும் வந்து புளூடூத்தில் வராவிட்டால், அது ஆன்டெனா வழியாக நுழைகிறது. ஆன்டெனா அடிப்பாகம் பாடியோடு சேரும் இடத்தில் துரு இருக்கும், சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். ஊளைக்குப் பதில் ‘டிக் டிக்’ என்று வேகம் கூடினால் அது ஸ்பார்க் பிளக் வயரின் வேலை. ரேஸ் காருக்கான செம்புக்கம்பி வயர் போட்டிருந்தால் ரெசிஸ்டர் வகைக்கு மாற்றுங்கள்.

எல்லா ஒலியிலும் வந்தால் எர்த்தைச் சந்தேகியுங்கள். எஞ்சின் ஓட, ஹெட்லைட் எரிய, செட் சத்தமாகப் பாடும்போது மீட்டரின் ஒரு முனையை செட்டின் உடலிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பழைய கார்களில் செட்டின் கறுப்பு வயரை சிகரெட் லைட்டரின் எர்த்தோடு முறுக்கிவைத்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில், வளையக் கண்ணி கிரிம்ப் செய்து போல்ட்டில் முடுக்குங்கள். ஆம்ப் இருந்தால் ஆர்சிஏ பிளக்குகளை ஆம்ப் பக்கத்தில் பிடுங்கிப் பாருங்கள். ஊளை நின்றால் அது செட் பக்கத்திலிருந்தோ ஆர்சிஏ வயர் வழியாகவோ வருகிறது. அந்த வயரை மெயின் வயரோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் காரின் எதிர்ப்பக்கமாகப் பிரித்து இழுங்கள்.

கேள்வி: பத்து நாள் நிறுத்திவைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது. செட் மாற்றியதற்கு முன் இப்படி இல்லை.

பதில்: மீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி மைனஸுக்கும் கழற்றிய வயருக்கும் நடுவே வையுங்கள். கதவுகளை மூடி, சில நிமிடம் விட்டுப் பாருங்கள். அந்த நிலையில் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். மொத்தக் காரும் 50 மில்லி ஆம்பியருக்குள் இழுத்தால் கவலையில்லை. அது நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணிதான். 200 காட்டினால் நாளைக்கு 4.8. அப்படியென்றால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து நாளில் வறண்டுவிடும், நீங்கள் சொன்ன கணக்குதான். அநேகமாக ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை, செட்டின் நீலம்-வெள்ளை வயருக்குப் பதில் நிரந்தர மின்சாரத்தில் கொடுத்திருப்பார்கள். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எதில் எண் விழுகிறதோ அங்கே ஆள் இருக்கிறார்.

கேள்வி: 1965 எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியில். புளூடூத் செட் மாட்ட வழி உண்டா?

பதில்: உண்டு, ஆனால் செட்டின் இரண்டு வயரை மட்டும் திருப்பிப் போட்டுத் தப்பிக்க முடியாது. செட்டின் தகர உடல், ஆன்டெனா வயரின் உறை, யூஎஸ்பி முனையின் உலோகம் எல்லாமே அதன் மைனஸ். இவற்றில் ஒன்று காரின் பாடியைத் தொட்டால் போச்சு. ஆன்டெனாவோ பாடியில்தான் நிற்கிறது.

ஒரு வழி, உள்ளும் புறமும் மின்தொடர்பு துண்டிக்கப்பட்ட 12-க்கு-12 வோல்ட் கன்வெர்ட்டர். அப்போதும் செட்டை ரப்பரில் உட்காரவைத்து, கண்ணாடியில் ஒட்டும் ஆன்டெனா போட வேண்டும். இன்னொரு வழி, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. எம்ஜிபியே 1967இல் அப்படித்தான் மாறியது. இருக்கைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளையும் திருப்ப வேண்டும். பிளஸ் முனை மைனஸைவிடத் தடிமன் என்பதால் கிளாம்ப்களும் மாறும். இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களை இடம் மாற்றுங்கள். டைனமோவின் எஃப் முனையிலிருந்து வயரைக் கழற்றி, பேட்டரியின் பிளஸிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை இரண்டு மூன்று முறை பொறி பறக்கத் தொட்டால் அதன் காந்தம் புதுத் திசைக்குப் பழகும். எலெக்ட்ரானிக் டாக்கோமீட்டரை உள்ளே பிரித்துத்தான் மாற்ற முடியும், அதைச் செய்யாமல் மின்சாரம் கொடுத்தால் கருகும். டயோடு வைத்த பெட்ரோல் பம்ப் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எந்தப் பக்கம் கொடுத்தாலும் ஒரே திசையில்தான் சுற்றும்.

கேள்வி: பழைய செட்டின் அழகு கெடாமல் போனிலிருந்து பாட்டுக் கேட்க முடியாதா?

பதில்: முடியும். செட் நன்றாக ஓடுகிறதென்றால் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உள்ளேயே போனைச் செருக ஓர் ஆக்ஸ் வயர் இழுத்து வாங்கலாம். சிடி சேஞ்சர் கப்ளர் உள்ள செட் என்றால் அதிலேயே செருகும் அடாப்டர் பலவற்றுக்குக் கிடைக்கிறது. போர்ஷே தன் பழைய 911 கார்களுக்காகவே, ஆப்பிள் கார்பிளே ஓடும், பழைய முகச்சாயல் கொண்ட சிங்கிள் டின் செட்டை 2020இல் கொண்டுவந்தது. குமிழ்த் தண்டு வகை ரேடியோ உள்ள இன்னும் பழைய கார்களுக்கும் அதே வடிவில் புளூடூத் செட்கள் இருக்கின்றன. எதை மாட்டினாலும் காரின் அசல் கப்ளரை வெட்டாதீர்கள், ஹார்னெஸ் அடாப்டரிலேயே எல்லா இணைப்பையும் செய்யுங்கள். கழற்றிய செட், அதன் பிராக்கெட்கள், குறியெண் சீட்டு மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கட்டும். காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அந்தப் பெட்டியைத்தான்.