எந்த போல்ட் எந்த ஆயிலுக்கு? வீட்டிலேயே ஆயில் மாற்றுவோருக்குப் பதில்கள்

மதுரை வாசகர்: காருக்கு அடியில் படுத்துப் பார்த்தால் ஆயில் இறக்குகிற போல்ட் மாதிரி இரண்டு மூன்று தெரிகிறது சார். எஞ்சின் ஆயிலுக்கு உரியது எது?

முதலில் போல்ட்டைத் தேடாதீர்கள், எஞ்சின் எது, கியர்பாக்ஸ் எது என்று பாருங்கள். நம் ஊர்ச் சின்ன கார்களில் இரண்டும் குறுக்காக ஒட்டி இருக்கும். பெல்ட் ஓடுகிற பக்கம் எஞ்சின். ஆயில் ஃபில்டரும் அதில்தான். முன்சக்கர ஆக்சில்கள் போய்ச் சேருவது கியர்பாக்ஸ். ஹோண்டா கார்கள் பலவற்றில் இன்னொரு அடையாளமும் உண்டு. கியர்பாக்ஸ் போல்ட்டின் தலையில் சதுரக் குழி இருக்கும், 3/8 அங்குல ராட்செட் முனை நேராக அதில் உட்காரும். எஞ்சின் போல்ட்டுக்குச் சாதாரண அறுகோணத் தலைதான்.

டொரான்டோ வாசகர்: அண்ணா, என் சுபாருவில் பழைய ஆயிலை இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். அளவு பார்க்கும் குச்சியில், அதான் டிப்ஸ்டிக்கில், மேல் கோட்டைத் தாண்டி எங்கேயோ நிற்கிறது. ஸ்டார்ட் செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம், சாவியைத் தொடாதீர்கள். நீங்கள் இறக்கியது அநேகமாக கியர்பாக்ஸ் ஆயில். சுபாருவில் எஞ்சின் முன்னால், கியர்பாக்ஸ் அதன் பின்னால் நெடுக்காக இருக்கும். பின்னால் இருக்கும் போல்ட்டை எஞ்சினுடையது என்று நினைத்துத் திறப்பவர்கள் நிறையப் பேர். இப்போது எஞ்சினில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆயில், கியர்பாக்ஸில் பற்றாக்குறை. ஓட்டினால் எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பேரிங்குகளைக் காக்காது.

இன்னும் ஸ்டார்ட் செய்யவில்லை என்றால் பெரிய சேதம் இல்லை. எஞ்சின் ஆயிலை இறக்கிவிட்டு அளவாக ஊற்றுங்கள். கியர்பாக்ஸை ஒர்க்‌ஷாப்புக்கு விடுங்கள், அதில் அளவு பார்ப்பது ஆயிலின் சூட்டையும் கணக்கில் எடுத்துச் செய்கிற வேலை. நான்கு சக்கரமும் ஓடும் வண்டி, அதனால் கட்டி இழுக்காமல் தட்டு வண்டியில் ஏற்றியே கொண்டுபோகச் சொல்லுங்கள்.

இனிமேல் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பழையதை இறக்கிய பிறகு, புதிய டப்பாவைத் திறக்கும் முன், எஞ்சின் டிப்ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். நுனியில் அளவு காட்டக்கூடாது. காட்டினால் வேறெதையோ இறக்கியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

கோவை வாசகர்: கியர் ஆயிலை இறக்கியாச்சு சார், ஊற்றுகிற போல்ட் கழறவே மாட்டேன் என்கிறது!

கியர்பாக்ஸில் எப்போதும் ஊற்றும் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது திறந்த பிறகுதான் கீழே இருக்கும் இறக்குகிற போல்ட்டில் கை வைக்கலாம். இப்போதைக்குத் துருநீக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். தலை மழுங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வண்டியை நகர்த்த வேண்டாம்.

திருச்சி வாசகி: நிறத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியாதா?

ஓரளவுக்குத்தான். ஓடிய எஞ்சின் ஆயில் கறுத்திருக்கும். மேனுவல் கியர் ஆயில் தேன் நிறத்தில் கெட்டியாக, கந்தக வாடையோடு வரும். ஆட்டோமேட்டிக் என்றால் பெரும்பாலும் சிவப்பு. ஆனால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டிலும் சிவப்பு உண்டு, பழசானால் எல்லாமே பழுப்புதான். முதல் ஒழுக்கிலேயே சந்தேகம் வந்தால் போல்ட்டை உடனே மூடுங்கள்.

சேலம் வாசகர்: பிரேக் ஆயில் டப்பாவில் தம்பி எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் ஊற்றிவிட்டான். உறிஞ்சி எடுத்தால் போதுமா?

பிரேக் பெடலை யாரும் மிதிக்கவில்லை என்றாலும் ஓட்டாதீர்கள். எஞ்சின் ஆயில் பட்டால் பிரேக்கின் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். உறிஞ்சி எடுத்துவிட்டு மெக்கானிக்கிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மிதித்திருந்தால் பெடலின் அழுத்தத்தைப் பிரேக்குகளுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் தொடங்கி ரப்பர் உள்ள எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். செலவுதான், ஆனால் இதில் மிச்சம் பிடிக்கக்கூடாது.