பிரான்ஸ் விவசாயக் கிராமத்தில் கிளாம்பிங் டெண்டில் தங்குவது குடும்பத்துக்குச் சரிவருமா?

ஜூலை மாதம், தென்மேற்கு பிரான்ஸின் தொர்தோஞ் பகுதியில் சார்லா ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணை, ஐந்து இரவு, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். "டெண்டில் படுக்க இவ்வளவு காசா?" என்று வீட்டில் கேட்கிறார்கள், சரிவருமா என்பது உங்கள் கேள்வி.

சரிவரும். கிளாம்பிங் என்றால் வீட்டு வசதிகளோடு டெண்டில் தங்குவது. மரத்தரை, கட்டில் மெத்தை, கேஸ் அடுப்பு, ஃபிரிட்ஜ், முன்னால் உட்கார ஒரு திண்ணை எல்லாம் இருக்கும். நம் ஊர்க் கிராமத்தில் சும்மாவே படுக்கலாமே என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும், அதுவும் நல்ல விஷயம்தான். ஆனால் இந்த மாதிரி விடுமுறை யாருக்காவது கெட்டுப்போனால், கரண்ட், கழிப்பறை, கார் மூன்றையும் விசாரிக்காமல் பணம் கட்டியதுதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் கரண்ட். வயலுக்குள் டெண்டுக்கு இழுத்திருக்கும் லைன் பல இடங்களில் 6 அல்லது 10 ஆம்பியர்தான். 230 வோல்ட்டால் பெருக்கிப் பாருங்கள்: 6 ஆம்பியர் என்றால் 1380 வாட், 10 என்றால் 2300 வாட். சாதாரண மின்கெட்டில் ஒன்றே 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். 6 ஆம்பியர் டெண்டில் அதைப் போட்டால் தண்ணீர் கொதிக்கும் முன்பே பிரேக்கர் விழும். பிரேக்கர் பெட்டி டெண்டுக்குள்ளேயே இருந்தால் பிழைத்தீர்கள். பண்ணை வீட்டுச் சுவரில் பூட்டி வைத்திருந்தால் ராத்திரி பத்து மணிக்குப் போய் அவர்கள் கதவைத் தட்ட வேண்டும். 700 வாட் ரைஸ் குக்கர் தனியாக ஓடும். அது ஓடும்போது 750 வாட் மிக்ஸியையும் சேர்த்தால் 1450, வரம்பைத் தாண்டிவிடும், பிரேக்கர் விழலாம். அதனால் "எத்தனை ஆம்பியர், பிரேக்கர் எங்கே" என்று எழுதிக் கேளுங்கள். அங்கே சாக்கெட்டிலிருந்தே எர்த் முள் நீட்டிக்கொண்டிருக்கும், நம் மூன்று முள் பிளக் நுழையாது. அடாப்டர் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

தாளிப்பதை வெளித் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸில் மஞ்சள் எண்ணெய் தெறித்தால் போகாது, முன்பணத்தில் பிடிப்பார்கள். மழை பெய்தாலும், குளிரடித்தாலும், கரி அடுப்பை மட்டும் டெண்டுக்குள் கொண்டுவரவே கூடாது. தணல் அணைந்தது போலத் தெரிந்தாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும்.

அடுத்தது கழிப்பறை. மாமியார் வருகிறார் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பண்ணைகளில் 'துவாலெத் செஷ்' என்று ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத உலர் கழிப்பறை. கீழே வாளி, பக்கத்தில் மரத்தூள் பெட்டி. போய் முடித்ததும் ஒரு கரண்டி மரத்தூள் போட்டு மூட வேண்டும். ஈரத்தை மரத்தூள் உறிஞ்சிக்கொள்வதால் நாற்றம் வராது. நாம் அதிலேயே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மரத்தூள் மிதக்க ஆரம்பிக்கும், அரை நாளில் நாறும். வயதானவர் இருக்கும்போது அந்த வகையை எடுக்க வேண்டாம், டெண்டுக்கே சொந்தமாக ஃபிளஷ் கழிப்பறை உள்ளதாகப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் பக்கத்துக் குளியலறையில் ஒரு மக் வைத்து அங்கே கழுவிக்கொள்ளுங்கள். ஃபிளஷ் இருந்தாலும் பண்ணையில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். ஈரத் துடைப்பான்களை உள்ளே போட்டால் குழாய் அடைக்கும்.

கார் இல்லாமல் போகாதீர்கள், இதில் மாற்றுக் கருத்தே கிடையாது. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்தான். அங்கே கார் எடுத்தால் சார்லாவுக்கு இரண்டரை மணி நேரம். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வேண்டுமென்றால் முன்கூட்டியே புக் செய்ய வேண்டும், வாடகையும் கூடும். கிராமத்துச் சாலையில் நம்மவர்கள் தவறுவது ஓர் இடத்தில். பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சந்து எவ்வளவு குறுகலானாலும், வருவது டிராக்டரானாலும் நீங்கள்தான் நிற்க வேண்டும். மஞ்சள் சாய்சதுரப் பலகை இருந்தால் முன்னுரிமை உங்களுக்கு. அதன் குறுக்கே கறுப்புக் கோடு வந்தால் அந்த முன்னுரிமை முடிந்தது. சிவப்புக் கரை போட்ட ஊர்ப்பெயர்ப் பலகையைத் தாண்டினாலே வேக வரம்பு மணிக்கு 50 கி.மீ., அதைத் தனியாக எழுதியிருக்க மாட்டார்கள்.

விசாவுக்குத் தங்குமிடச் சான்றாகப் பண்ணை தரும் புக்கிங் கடிதமே போதும், பெயர்களும் முகவரியும் இருந்தால் சரி. விசாக் கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுக்கு 45, அதற்குக் கீழே இலவசம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

அமைதியான கிராமம் என்றால் சத்தமே இருக்காது என்று பொருள் இல்லை. ஜூலை கோதுமை அறுவடைக் காலம். மழை வருகிறதென்றால் அறுவடை இயந்திரம் நள்ளிரவிலும் ஓடும். சேவல் கூவும், தேவாலய மணி அடிக்கும். ஓலெரோன் தீவில் மோரிஸ் என்ற சேவல் கூவுகிறதென்று பக்கத்து வீட்டார் வழக்கே போட்டார்கள், 2019இல் நீதிமன்றம் சேவல் பக்கம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் கிராமத்து ஒலிகளையும் மணங்களையும் பாரம்பரியமாகக் காக்கச் சட்டமே வந்துவிட்டது. அது உழைக்கிற ஊர், அதன் நேரத்துக்கு நாம் ஒத்துப்போக வேண்டும். அப்போது சூரியன் மறைவதே இரவு ஒன்பதே முக்காலுக்கு. பிள்ளைகள் தூங்கக் கண்ணை மறைக்கும் துணி எடுத்துப்போங்கள். வயல் ஓரம் வெள்ளை நாடா தெரிந்தால் அது மின்வேலி, தொடவேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். வெயில் 35ஐத் தாண்டும் நாட்களில் மதியம் டெண்டுக்குள் இருக்க முடியாது. அன்றைக்குப் பாதிராக் குகைக்குப் போங்கள், காரில் ஒரு மணி நேரத் தூரம். உள்ளே எப்போதும் 13 டிகிரி, ஸ்வெட்டர் வேண்டும், டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

சைவம் என்று நினைத்துக்கொண்டு சொல்கிறேன். சார்லா உருளைக்கிழங்கு என்று ஒரு வறுவல் வரும், பார்த்தால் சுத்த சைவம், ஆனால் வாத்துக் கொழுப்பில் வறுத்தது. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இந்தியாவிலிருந்து நெய், பால்கோவா கொண்டுபோக அனுமதி இல்லை. புதுக் கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்குத் தடையில்லை. அங்கே உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம் வாங்கி உருக்கினால் 200 கிராம் நெய் கிடைக்கும். மைசூர்ப் பருப்பு சூப்பர் மார்க்கெட்டிலேயே உண்டு, குக்கர் இல்லாமல் கால் மணி நேரத்தில் வெந்துவிடும்.

ஜூலையில் பல பண்ணைகள் சனி முதல் சனி வரை ஏழு இரவாகத்தான் தருவார்கள். ஐந்து இரவுதான் வேண்டுமென்றால் ஜூன் முதல் பாதிக்கு மாற்றிப் பாருங்கள். சனிக்கிழமை போய்ச் சேர்வதாக இருந்தால் வழியிலேயே இரண்டு நாளைக்கான சாமான் வாங்கிவிடுங்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடைகள் மூடிவிடும், திங்களன்று ஊர் பேக்கரியும் பல இடங்களில் திறக்காது.