கொம்பு ஊதினால் கெட்டது விலகுமா?

கேள்வி: ஜெருசலேம் யாத்திரை போய்வந்த என் நாத்தனார் ஓர் ஆட்டுக்கடாக் கொம்பு கொடுத்தார். யூதர்கள் ஊதும் ‘ஷோபார்’ இதுதானாம். தினமும் விடியற்காலையில் ஊதினால் வீட்டில் கெட்டது அண்டாது என்கிறார். ஊதும் முனைக்கு வெள்ளிப் பூண் போடலாமா என்று கணவர் கேட்கிறார். இதன் ஆன்மிகப் பொருள் என்ன?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் பூண் வேண்டாம் என்று கணவரிடம் சொல்லிவிடுங்கள் சகோதரி. உதடு படும் இடத்தில் பொன் பூசிய கொம்பு செல்லாது என்பது யூதச் சட்டம். ஆட்டின் தலையில் இருந்ததுதான் வாயில் பட வேண்டும். நம் விவிலியத்தில் ‘எக்காளம்’ என்று படித்துப் படித்து, பித்தளையில் பளபளக்கும் ஒன்றைத்தான் நாம் மனத்தில் வைத்திருக்கிறோம். வெள்ளியில் செய்த பூரிகை வேறு. எரிகோ நகரின் மதிலைச் சுற்றி வந்தபோது ஆசாரியர்கள் ஊதியது கொம்பு.

நாத்தனார் சொன்னதை முழுவதும் தள்ளிவிட முடியாது. சாத்தானைக் குழப்புவதற்காக ஊதுகிறோம் என்று ரபீக்கள் என்னும் யூத மத ஆசான்களின் விவாதத் தொகுப்பான தல்மூதிலும் ஒரு பேச்சு உண்டு. ஆனால் அந்தச் சாத்தான் வீட்டு வாசலில் நிற்கும் பேய் அல்ல. கடவுளின் நீதிமன்றத்தில் நம்மேல் குற்றம் சாட்டுகிறவன். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா தீர்ப்பு நாள். அன்று பசுவின் கொம்பு ஆகாது. இஸ்ரவேலர் பொன் கன்றுக்குட்டியை வணங்கிய பழைய குற்றத்தை அது நினைவூட்டிவிடுமாம். ஆட்டுக்கடாக் கொம்போ, ஆபிரகாமின் மகன் ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடாவை நினைவூட்டும். வளைந்த கொம்பு என்பதற்கும் காரணம் சொல்கிறார்கள்: அன்று மனம் வளைய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஓசையின் கதை. கொம்பில் ஊதும் ‘தெருவா’ என்ற ஓசை அழுகையைப் போன்றது என்று ரபீக்கள் கண்டார்கள். யாருடைய அழுகை? சிசெராவின் தாயுடையது. இஸ்ரவேலரை ஒடுக்கிய படைத்தலைவன் சிசெரா. போருக்குப் போன மகன் இன்னும் வரவில்லையே என்று அவள் பலகணி வழியாகப் பார்த்துப் புலம்பியதாக நியாயாதிபதிகள் புத்தகம் சொல்கிறது. தங்கள் புனித நாளின் ஓசைக்குப் பகைவனின் தாயிடம் போய் அளவெடுத்திருக்கிறார்கள்! அவள் விட்டது பெருமூச்சா, விம்மலா என்பதில் சந்தேகம் வந்தபோது, செசரியா நகரில் இருந்த ரபி அபாகு இரண்டையும் ஊதச் சொன்னார். பெருமூச்சுக்கு மூன்று முறிந்த ஓசைகள், விம்மலுக்கு ஒன்பது குறுகிய ஓசைகள். முன்னும் பின்னும் நீண்ட ஒரே ஓசை. இப்படியே சேர்த்து, நூறு ஓசைகள் ஊதுவது இன்று பரவலான வழக்கம்.

ஊதுமுன் சொல்லும் ஆசீர்வாதத்தில் ‘ஊத’ என்ற சொல்லே இல்லை. ‘கொம்பின் குரலைக் கேட்க’ என்றுதான் இருக்கிறது. கடமை காதுக்கு. குழிக்குள் ஊதும்போது எதிரொலியை மட்டும் கேட்டவனுக்குக் கடமை தீராது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறது. தூங்குகிறவர்களே, விழித்து உங்கள் செயல்களைத் தேடிப் பாருங்கள் என்பதே அந்தக் குரலின் குறிப்பு என்றார் இடைக்கால யூத அறிஞர் மைமோனிடஸ். ரோஷ் ஹஷானாவுக்கு முந்திய எலூல் மாதத்தில் ஓய்வுநாள் தவிரக் காலைதோறும் ஊதும் வழக்கம் பல சபைகளில் உண்டு. நாத்தனார் கேள்விப்பட்டது இதுவாக இருக்கலாம்.

ஆகவே தாயத்தாக மாட்டி வைக்காதீர்கள். வெயில் படாத இடத்தில், கீறல் விழாமல் வைத்திருங்கள். ஒருமுறை ஊதிப் பார்க்க ஆசையிருந்தால், உதட்டை இறுக்கி, வாயின் ஓரத்தில் வைத்து ஊதுங்கள். முதல் நாள் வெறும் காற்றுதான் வரும். கொஞ்சம் ஆட்டு வாடையும் வரும். அது கலப்படமில்லாத கொம்பு என்பதற்கு அடையாளம்.