இன்னொரு முறை கம்பஸ் மாறட்டுமா?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மட்டக்களப்பு கல்லடியைச் சேர்ந்தவள். சுற்றாடல் விஞ்ஞானம் படிக்கிறேன், இது கடைசி வருடம். இந்த மாத முடிவுக்குள் ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும். வீட்டில் இதைப் பற்றிக் கதைத்தாலே சண்டையாகிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஓ.எல்.லில் எனக்கு ஒன்பது ஏ. எங்கள் சந்தியில் என் படம் போட்டு பெனர் கட்டினார்கள். உயர்தரத்தில் இஸட் புள்ளி போதவில்லை, அரச பல்கலைக்கழகத்தில் நான் விரும்பியது கிடைக்கவில்லை. அப்பா அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்த்துவிட்டார். பிரித்தானியப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை இங்கே இருந்தே படிக்கும் வகை. ஆய்வுகூடம் இருக்கிறது என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். போய்ப் பார்த்தால் சில மைக்ரோஸ்கோப்பும் ஒரு பூட்டிய அலுமாரியும். ஒரே பாடத்துக்குத் தவணை நடுவில் விரிவுரையாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அப்புறம் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் சொச்சமாக இருந்த டொலர் மே மாதமாகும்போது 360ஐத் தொட்டது. என் கட்டணமோ பவுணில். அப்பா எப்படியாவது சமாளிக்கிறேன் என்றுதான் சொன்னார். இரண்டாம் வருடக் கடைசிப் பிரசன்டேஷனுக்கு முதலே நான் விலகி வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்சக் காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது படிப்பது கண்டியில் ஒரு நிறுவனத்தில். சனி, ஞாயிறு வகுப்பு, மற்றதெல்லாம் ஒன்லைன். முதல் இடத்துக் கிரெடிட்டில் பாதியை இவர்கள் ஏற்கவில்லை, இரண்டாம் வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டி வந்தது. விரிவுரையாளர்கள் ஸ்லைடைப் போட்டு அதை அப்படியே வாசிக்கிறார்கள். நூலகம் என்று சொல்லும் அறையில் கதிரைகள்தான் அதிகம். என்னோடு படிப்பவர்கள் வேலைக்குப் போகிறவர்கள், வகுப்பு முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார்கள். நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பட்டம் கொடுக்கும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இப்போது கொழும்பில் வேறொரு நிறுவனம் என்னை எடுப்பதாகச் சொல்கிறது. அவர்கள் கொடுக்கும் பட்டத்துக்கு நல்ல பெயர். இரண்டாம் வருடப் பாடங்கள் சிலவற்றைச் செய்து, அதன் பிறகு கடைசி வருடம். மொத்தமாக ஒரு வருடம் கூடப் போகும். மெல்போர்னில் இருக்கும் என் மச்சாள், மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பித்தால் முதலில் பார்ப்பது பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் என்கிறாள். எனக்கு வெளிநாட்டில் முதுமாணி செய்ய வேண்டும். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யார் எடுப்பார்கள்?

இதற்கிடையில் ஆய்வுக்கு ப்ரொபோசல் வேறு கொடுக்க வேண்டும். நான் எடுத்தது வாவியில் பரவும் ஆற்றுவாழை. வலையிறவுப் பக்கம் தோணிக்காரர்களோடு போய்க் கதைத்தேன். ஒரு மாமா தன் வலையைத் தூக்கிக் காட்டினார். மீன் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுத்த வேர், தும்பு தும்பாகச் சிக்கிக் கிடந்தது. அதைக் கழற்றவே ஒரு காலை போய்விடும் என்றார். இந்தச் செடியை ஒழிக்க 1909லேயே இலங்கையில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கம்கூடச் சரியாக வருவதில்லை. கொடுக்க வேண்டிய திகதியும் போய்விட்டது. பொறுப்பான மேடம் கோல் எடுத்திருந்தார், நான் ஆன்சர் பண்ணவில்லை. மாறத்தானே போகிறேன், அதை விடுங்கள்.

அம்மா ஒரே பாட்டுத்தான்: "முதல்ல ஒண்ட முடி." என்னைக் குத்திக் காட்டத்தான் அப்படிச் சொல்கிறார். கோயில் திருவிழாவுக்குப் போனாலும் "இன்னும் முடியலையா மகள்?" என்று கேட்கிறார்கள். இப்போதெல்லாம் போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது, இந்தச் சொந்தக்காரர்களின் கேள்விதான் காரணம். ஸ்லைடை வாசிக்கிற இடத்தில் படித்து, ஒருவருக்கும் தெரியாத பட்டத்தை எடுத்து நான் என்ன செய்வது? மாறட்டுமா, வேண்டாமா?

கல்லடியிலிருந்து ஒரு தங்கை


அன்புள்ள தங்கச்சி,

மாற வேண்டாம். நீங்கள் மாத முடிவுக்குள் கேட்டபடியால் இதை முதலே சொல்லிவிடுகிறேன்.

"மேடம் கோல் எடுத்திருந்தார், நான் ஆன்சர் பண்ணவில்லை, அதை விடுங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை விடப்போவதில்லை. கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்கள். ஸ்லைடு இரண்டு தரம் வருகிறது, பட்டத்தின் பெயர் நாலைந்து இடத்தில் வருகிறது. இதை மட்டும் ஒரு தரம் சொல்லிவிட்டு அவசரமாக மூடிவிட்டீர்கள்.

அதற்குச் சற்று மேலே, "நான் யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது" என்று இருக்கிறது. அது சரியில்லை. ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்கள் ப்ரொபோசல் வரவில்லை என்று கவனித்து, இலக்கத்தைத் தேடி எடுத்துப் போன் செய்திருக்கிறார். சனி, ஞாயிறு மட்டும் நடக்கும் இடத்தில், வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த வகுப்பில், ஒரு மாணவிக்காக இதைச் செய்கிற விரிவுரையாளர்கள் அதிகம் இல்லை. நீங்கள் ஏங்குவதும் இப்படி ஒருவருக்காகத்தான். அவருடைய கோலைத்தான் எடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். போன் அடித்தால் நெஞ்சு படபடப்பதற்குச் சொந்தக்காரர்கள் காரணம் என்கிறீர்கள். சொந்தக்காரர்கள் திருவிழாவில் அல்லவா கேட்கிறார்கள்? போனில் வரக்கூடியது மேடம்.

முதல் இடத்துக்கு வருகிறேன். 2022இல் ரூபாய் விழுந்தது உண்மை, அந்த வருடம் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை விட்ட பிள்ளைகள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அப்பா சமாளிக்கிறேன் என்றார் என்று எழுதியதும் நீங்கள்தான், பிரசன்டேஷனுக்கு முதலே விலகினேன் என்று எழுதியதும் நீங்கள்தான். விலகக் காசு ஒரு காரணம். அந்த வாரத்தில் விலக வேறொரு காரணம் இருந்திருக்கிறது. அங்கே ஒரு பிரசன்டேஷன், இங்கே ஒரு ப்ரொபோசல். நீங்களாகச் செய்த வேலையை இன்னொருவர் முன்னால் வைத்து, அது எப்படி என்று கேட்டுக்கொள்ள வேண்டிய வேளை வந்ததும் இரண்டு இடமும் உங்களுக்குத் தாங்க முடியாததாகிவிட்டது. குறைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. பூட்டிய அலுமாரியைக் காட்டி ஆய்வுகூடம் என்று காசு வாங்குவது அநியாயம்தான். ஆனால் அந்தக் குறைகள் முதல் மாதத்திலிருந்தே இருந்தவை. அவற்றோடு நீங்கள் வருடக்கணக்காகப் படித்திருக்கிறீர்கள்.

இதைச் சோம்பல் என்று நான் நினைக்கவே இல்லை. ஆற்றுவாழை பற்றிப் படிக்கப் போய் 1909ஆம் ஆண்டுச் சட்டம் வரை தேடியவளிடம் சோம்பல் இல்லை. நான் வேறொன்றைக் கவனித்தேன். ஒன்பது ஏ பற்றி எழுதினீர்கள், பெனர் பற்றி எழுதினீர்கள். உயர்தரப் பெறுபேறு வந்த நாளைப் பற்றி "இஸட் புள்ளி போதவில்லை" என்பதோடு முடித்துவிட்டீர்கள். பதினாறு வயதில் ஊரே பார்க்கும்படி உங்கள் படத்தைச் சந்தியில் கட்டினார்கள். அடுத்த பெறுபேறு வந்தபோது அதே சந்தியால்தான் நீங்கள் வீட்டுக்குப் போயிருப்பீர்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பாரம் என்று பெனர் கட்டியவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். அன்றைக்குப் பிறகு "இதுதான் உன் பெறுபேறு" என்று யாரும் சொல்ல முடியாத இடத்திலேயே நீங்கள் இருந்துகொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. மாறிக்கொண்டிருப்பவளிடம் கடைசி மதிப்பெண்ணை யாரும் கேட்க முடியாது. இன்னும் நல்ல இடத்துக்குப் போகப் போகிறவள் என்ற பெயர் கையில் இருக்கும். மாறும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெயர் புதுசாகிறது, பட்டம் மட்டும் பின்னால் தள்ளிப் போகிறது.

மூன்றாவது இடம் இதைத் தீர்க்காது. அங்கும் கடைசி வருடத்தில் ஆய்வு இருக்கும். நீங்கள் ஆசைப்படும் முதுமாணியை எடுத்துப் பாருங்கள். பிரித்தானிய முதுமாணி 180 கிரெடிட் கொண்டது, பெரும்பாலும் அதில் 60 ஆய்வுக்கட்டுரைக்கு. மூன்றில் ஒரு பங்கு. வெளிநாடு வேண்டாம், இலங்கையிலேயே செய்யலாம் என்று நினைத்தாலும், ஆய்வோடு கூடிய முதுமாணியை, பட்டங்களைத் தரப்படுத்தும் நமது தகைமைச் சட்டகம் 10ஆம் மட்டத்திலும் பாடநெறி முதுமாணியை 9ஆம் மட்டத்திலும் வைத்திருக்கிறது. சுற்றாடல் துறையில் மேலே போக நினைப்பவர்களுக்கு ஆய்வுதான் படிப்பு. ஒரு மேற்பார்வையாளரிடம் அரைகுறையாக எழுதியதைக் கொடுத்து, சிவப்புப் பேனாவில் கோடு போட்டு வாங்கி, திரும்ப எழுதி, திரும்பக் கோடு வாங்குவதுதான் அங்கே அன்றாடம். இப்போது ஒரு மேடத்தின் கோலையே எடுக்க முடியவில்லை என்றால், ஊர் தெரியாத, மழையும் குளிருமான ஓர் இடத்தில் தனியாக இருந்துகொண்டு எடுப்பது இதைவிடக் கஷ்டம்.

பெயர் முக்கியமே இல்லை என்று உங்கள் மச்சாளோடு நான் வாதாட மாட்டேன். பெயர் கொஞ்சம் உதவும். ஆனால் முதுமாணி விண்ணப்பத்தில் படித்த எல்லா இடங்களின் பெறுபேற்றுப் பட்டியலையும் கேட்பது வழக்கம், மூன்றாவது இடத்தின் பெயர் முதல் இரண்டையும் மறைக்காது. அதோடு, உங்களுக்குக் கற்பித்தவர்களிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், அநேகமாக இரண்டு. புதிய இடத்தில் சேர்ந்து சில மாதங்களில் விண்ணப்பிக்கும்போது யார் எழுதுவார்? உங்களைப் பற்றி உண்மையாக ஒரு பக்கம் எழுதக்கூடியவர் இன்றைக்கு ஒருவர்தான் இருக்கிறார்.

ஒரு விடயத்தை மட்டும் சரிபாருங்கள். இப்போது உங்களுக்குப் பட்டம் தரும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூலிலோ சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ இருக்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேளுங்கள். அங்கீகாரத்துக்கு அவர்கள் பார்ப்பது அதைத்தான். இரண்டிலும் இல்லையென்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், என் பதில் மாறும். இருந்தால், ஊரில் யாரும் கேள்விப்படாத பெயர் என்பதை வைத்துக் கவலைப்பட ஒன்றுமில்லை.

அம்மா குத்திக் காட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். நான் அம்மாவின் பக்கம். நகை அடகில் போய்க் கிடக்கும் ஒரு தாய், நகையை மீட்டுத் தா என்று ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. ஒன்றை முடி என்றுதான் கேட்கிறார். நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவர் இரண்டு சொல்லில் சொல்லிவிட்டார்.

"ஒரு பக்கம்கூடச் சரியாக வருவதில்லை" என்றீர்களே, ப்ரொபோசல் சரியாக வர வேண்டிய ஒன்று இல்லை. அதைச் சரியாக்கத்தான் மேடத்துக்குச் சம்பளம். அந்த மாமா தூக்கிக் காட்டிய வலையைப் பற்றி எனக்கு எழுதிய வரிகளைத் திரும்ப வாசியுங்கள். கடிதம் முழுவதிலும் அங்கே மட்டும்தான் நீங்கள் யாரிலும் குறை சொல்லவில்லை. உங்கள் ஆய்வின் பிரச்சினை அந்த வரிகளிலேயே வந்துவிட்டது: வாவியை நம்பி வாழ்கிறவருடைய ஒரு காலை நேரத்தை அந்தச் செடி எடுத்துக்கொள்கிறது. எத்தனை பேருடைய, எந்த மாதங்களில், எவ்வளவு வருமானம் என்று கேட்கத் தொடங்கினால் அதுவே ஆய்வு. ஸ்லைடை வாசிக்கிறவர்கள் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், நீங்களாகப் போய்க் கண்டுபிடித்தது.

இந்தப் பக்கத்தை மூடியதும் மேடத்துக்குக் கோல் எடுங்கள். காய்ச்சல், சிக்னல் இல்லை என்று ஒன்றும் சொல்லாதீர்கள். "மேடம், திகதி பிந்திவிட்டது. எழுதியதைக் காட்டப் பயமாக இருந்தது. இரண்டு பக்கம் இருக்கிறது, அனுப்பட்டுமா?" இவ்வளவு போதும். அவர் கோபப்படலாம், கோபப்பட அவருக்கு உரிமை இருக்கிறது. அதைக் கேட்டுக்கொண்டு இருங்கள். கையில் இரண்டு பக்கம் இல்லையென்றால் இன்றிரவு எழுதுங்கள், வலையிலிருந்து தொடங்குங்கள். அந்தப் படபடப்பு இதற்குப் பிறகும் குறையாமல், நித்திரையும் கெட்டால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு ஒரு தரம் போய்வாருங்கள், அல்லது தேசிய உளநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள்.

திகதி போனது போனதுதான், இனி அடுத்த தவணையில்தான் என்று மேடம் சொன்னாலும் சொல்லலாம். அப்படியென்றால் ஒரு தவணை பிந்தும். கொழும்புக்கு மாறினால் ஒரு வருடம் பிந்தும் என்று நீங்களே கணக்குப் போட்டிருக்கிறீர்கள். மேடம் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா