ஃபில்லர் ஊசி போடப் பழகும் செவிலியருக்கு முக்கியமாக எதைக் கற்றுத்தர வேண்டும்?

ஊசி பிடிக்கும் கைப்பழக்கம் போதாதா, இரத்தக்குழாய்ப் பாடம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். போதவே போதாது. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும் மருந்து. இடம் தவறி இமை தொங்கினாலும் பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஹையலுரோனிக் அமில ஃபில்லரோ, முகச் சுருக்கங்களையும் பள்ளங்களையும் நிரப்பும் கூழ். தமனிக்குள் புகுந்தால் அடைத்துவிடும்.

புருவ மத்தியும் மூக்கும் மிக ஆபத்தான இடங்கள். அங்குள்ள தமனிகள் கண் தமனியோடு தொடர்புள்ளவை. அழுத்தி ஏற்றினால் கூழ் பின்னோக்கி ஓடி, விழித்திரைக்குப் போய்ப் பார்வையையே பறிக்கலாம். எனவே மெதுவாக, சிறிது சிறிதாகச் செலுத்தப் பழக்க வேண்டும். சிரிஞ்சின் தண்டைப் பின்னிழுத்து உறிஞ்சிப் பார்த்தபோது இரத்தம் வரவில்லை என்பதை மட்டும் நம்பக் கூடாது. ஊசிக்குப் பதிலாகப் பயன்படும், முனை மழுங்கிய மெல்லிய குழாயான கேனுலா ஆபத்தைக் குறைக்கும், நீக்காது.

அதிக நேரம் ஒதுக்க வேண்டியது அடைப்பை அடையாளம் காணும் பயிற்சிக்குத்தான். தோல் சட்டென்று வெளுக்கும். பிறகு வலை பின்னியதுபோல் கருநீலம் படரும். விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பத் தாமதமாகும். வலி இல்லையே என்று ஏமாறக் கூடாது, பல ஃபில்லர்களில் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து கலந்திருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு, கூழைக் கரைக்கும் ஹையலுரோனிடேஸைச் செலுத்த வேண்டும். அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இல்லாத அறையில் பயிற்சியே நடத்தாதீர்கள். பார்வை மங்குகிறது என்று சொன்னால், ஒரு நிமிடமும் வீணாக்காமல் கண் மருத்துவரை அழையுங்கள்.