திருத்தி எழுதினால் மதிப்பெண்ணை உயர்த்தலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். ஒப்படைப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் திருத்தி எழுதித் தந்தால், மதிப்பெண்ணை உயர்த்திப் போடுகிறேன். முதல் முறையே சரியாக எழுதிய மாணவி ஒருத்தி, "அப்படியானால் நான் எதற்கு இரவு நெடுநேரம் கண்விழித்து எழுதினேன்?" என்று கேட்டுவிட்டாள். நான் செய்வது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை, விருதுநகர்

பதில்: தவறன்று, ஆனால் செய்யும் முறையில் மாற்றம் வேண்டும். அம்மாணவியின் நோட்டையே வாங்கிப் பார்த்து எழுதி ஒருவன் முழு மதிப்பெண் பெற்றால், அவள் உழைப்புதான் இரண்டாம் முறையும் மதிப்பெண் வாங்கியிருக்கிறது. அவன் எதையும் கற்கவில்லை.

நானும் கணித ஆசிரியராக இருந்தவன். இரண்டு எண்களின் கூடுதலை வர்க்கப்படுத்தச் சொன்னால், அவற்றைத் தனித்தனியே வர்க்கப்படுத்திக் கூட்டிவிடும் பிழை ஆண்டுதோறும் வரும். சிவப்பு மையால் அடித்துச் சரியான விடையையும் நானே எழுதிக் கொடுத்த காலத்தில், அடுத்த தேர்விலும் அதே பிழை வந்தது. பிறகு, "3, 4 என்ற எண்களை வைத்து நீயே சரிபார்" என்று மட்டும் ஓரத்தில் எழுதத் தொடங்கினேன். ஒரு வழியில் 49, மறு வழியில் 25 என்று வந்ததைக் கண்ட மாணவன் ஒருவன், மீதி 24 எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டு ஆசிரியர் அறை வாசலுக்கே வந்துவிட்டான். அந்த இரண்டு எண்களின் பெருக்கற்பலனைப் போல் இருமடங்கு அது என்பதை அங்கே நின்றபடியே அவனே கண்டுபிடித்தான். இரண்டாம் வாய்ப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது அந்த 24ஐத்தான்.

ஒரு பாடத்தில் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்ததற்குச் செல்லும் தேர்ச்சிவழிக் கற்றலை 1968இல் முன்வைத்த அமெரிக்கக் கல்வியாளர் பெஞ்சமின் புளூமின் முறையிலும், பிழைகளைச் சரிசெய்துகொண்ட மாணவர் இரண்டாவதாக எழுதுவது அதே வினாத்தாளை அன்று, அதற்கு இணையான வேறொன்றை. ஆகவே, தவறிய கணக்கை மட்டும் திருத்தச் சொல்லுங்கள். எங்கே தவறினேன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எண்களை மாற்றி இன்னொரு கணக்கும் கொடுங்கள். ஒரு வாரம் கெடு போதும். முதல் முறை நோட்டைத் திருப்பித் தரும்போது மதிப்பெண் போடாமல் குறிப்பு மட்டும் எழுதுவது நல்லது, ஏனெனில் மதிப்பெண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிப்பதில்லை.

இரு மதிப்பெண்களுக்கும் சராசரி எடுப்பதை நான் ஏற்பதில்லை. ஜூலையில் தெரியாமல் இருந்ததற்கு ஆகஸ்டில் தெரிந்த பின்னும் தண்டிப்பது அது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தவறியவர்க்கே அதே ஆண்டில் துணைத் தேர்வு இருக்கிறது.

வகுப்பு முழுவதன் நோட்டுகளையும் இருமுறை திருத்துவது பெரும் சுமை என்பதை அறிவேன். அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக அமையும் ஒப்படைப்புகளுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள்.

மற்றவர்கள் திருத்தி எழுதும் அந்த வாரத்தில், அம்மாணவிக்குச் சற்றுக் கடினமான கணக்கு ஒன்றைக் கொடுத்து, அதை அவளோடு உட்கார்ந்து பாருங்கள். பிழை செய்தவர்களுக்குக் கிடைக்கும் உங்கள் கவனம் தனக்கும் வேண்டும் என்பதைத்தான் அவள் அப்படிக் கேட்டிருக்கக்கூடும்.