தேர்தல் விளம்பரம் ஆளுக்கு ஆள் மாறுவது எப்படி? வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இணைய விளம்பர இடங்களை வாங்கித் தரும் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், திருவொற்றியூரிலிருந்து பெரம்பூர் வரை உள்ள வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இங்கு எதுவும் சொல்லப்படவில்லை. முறை எப்படி வேலை செய்கிறது என்பது மட்டுமே பேச்சு.

ராயபுரத்திலிருந்து ஓர் அம்மா: சமையல் குறிப்பு இணையதளம் ஒன்றைத் திறந்தால், காசிமேடு துறைமுகத்தை மேம்படுத்துவதாக ஒரு வேட்பாளரின் விளம்பரம் வருகிறது. அதே பக்கத்தை என் மகள் தன் போனில் திறந்தால் வேலைவாய்ப்பு பற்றிய விளம்பரம் வருகிறது. அந்தத் தளத்துக்காரர் எங்களை எப்படிப் பிரித்துப் பார்க்கிறார்?

அம்மா, தளத்துக்காரர் உங்களைப் பார்ப்பதே இல்லை. அவர் பக்கத்தில் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதை விற்கும் பொறுப்பைக் கூகுள் போன்ற ஒரு நிறுவனத்திடம் கொடுத்துவிடுகிறார். நீங்கள் பக்கத்தைத் தொட்டவுடன் அந்தக் காலி இடத்துக்கு ஓர் ஏலம் நடக்கிறது. பக்கம் முழுதாகத் திறப்பதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், அது முடிந்தும் விடுகிறது. எந்தப் பகுதியில் இருப்பவர், எந்த வயதினர், ஆணா பெண்ணா, என்ன படித்துக்கொண்டிருக்கிறார் என்ற குறிப்புகளின் மேல்தான் விலை கேட்கப்படுகிறது. 600013 என்ற அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் உள்ள நடுத்தர வயதுப் பெண்களுக்கு ஒரு விளம்பரம், 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறொன்று என்று கட்சியின் விளம்பரப் பிரிவு முன்பே தீர்மானித்திருக்கும். உங்கள் வீட்டுக்குள் வந்த வேறுபாடு அங்கே தொடங்கியதாக இருக்கலாம்.

கூகுளின் விதிப்படி, 2020 சனவரியிலிருந்து தேர்தல் விளம்பரங்களை வயது, பாலினம், அஞ்சல் குறியீடு அளவிலான இடம், பக்கத்தின் பொருள் ஆகியவற்றை வைத்து மட்டுமே குறிவைக்கலாம். நீங்கள் முன்பு எந்தத் தளங்களுக்குப் போனீர்கள் என்பதை வைத்துத் துரத்த முடியாது. ஆனால் கட்சி, வேட்பாளர், மக்களவை அல்லது சட்டமன்ற உறுப்பினர் ஆகியோர் தொடர்பானதாக இருந்தால்தான் இந்தியாவில் அது தேர்தல் விளம்பரமாகக் கொள்ளப்படுகிறது. யார் பெயரும் சொல்லாமல் துறைமுகத்தைப் பற்றி மட்டும் கோபமூட்டும் ஒரு விளம்பரத்தைக் கட்சி சாராத ஒருவர் பெயரில் வெளியிட்டால், அது இந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நழுவிவிடக்கூடும். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த ஓட்டைதான்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நண்பர்களோடு பேசியதையே விளம்பரமாகப் பார்க்கிறேன். போன் ஒட்டுக்கேட்கிறதா? நம் மனத்தைப் படித்து ஓட்டை மாற்ற முடியுமா?

தம்பி, அரசியல் விளம்பரத்துக்கு ஒட்டுக்கேட்க வேண்டிய தேவையே இல்லை. நீங்கள் தேடியது, தொட்டது, நின்று பார்த்தது, இருக்கும் இடம் ஆகியவையே போதுமானவை. மனத்தைப் படிப்பது பற்றிய பேச்சு 2018இல் வெளிவந்த, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற தேர்தல் ஆலோசனை நிறுவனத்தின் விவகாரத்தோடு பரவியது. 8.7 கோடிப் பேர் வரையிலான ஃபேஸ்புக் பயனர்களின் தகவல் அதில் முறையற்று எடுக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே சொன்னது. இந்தியர்களில் 5,62,455 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்றும் சொன்னது. தகவலை எடுத்தது பெரும் குற்றம். ஆனால் அதைக் கொண்டு மனங்களை மாற்றியதாகச் சொல்லப்பட்டதில் பெரும்பகுதி விற்பனைப் பேச்சு என்பதே என் மதிப்பீடு.

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு துணி வியாபாரி: வாக்காளர் பட்டியலில் என் கைபேசி எண் இல்லை. இருந்தும் என் பெயரைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஆதரவு கேட்கிறார்கள். என் எண் எங்கிருந்து போயிற்று?

ஐயா, உங்கள் கேள்விதான் விஷயத்தின் வேரைத் தொடுகிறது. பொதுவில் வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, பாலினம், வீட்டு எண், அடையாள அட்டை எண் ஆகியவை பாகம் பாகமாக இருக்கின்றன. கைபேசி எண் கிடையாது. அந்த எண்ணைச் சேர்ப்பது பெரும்பாலும் தெருவில்தான் நடக்கிறது. மருத்துவ முகாமில் நிரப்பிய படிவம், குறை தீர்ப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய மனு, மிஸ்டு கால் உறுப்பினர் சேர்க்கை, கடையில் பில் போடும்போது சொன்ன எண் என்று வழிகள் பல. பூத் கமிட்டிக்காரர் ஒருவர் பட்டியலின் அச்சுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பேனாவால் எண்ணை எழுதி, ஓரத்தில் நம்மவர், எதிரணி, சந்தேகம் என்பதற்கு ஒவ்வொரு குறி போடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மிக நுட்பமான இணையக் குறிவைப்பும் கடைசியில் அந்தப் பேனாக் குறியை நம்பித்தான் நிற்கிறது.

இந்த எண்களைத் தொகுத்து, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரக் கணக்கில் ஏற்றினால், எண்கள் சங்கேத வடிவத்துக்கு மாற்றப்பட்டு, அதே எண்ணில் கணக்கு வைத்திருப்பவர்களோடு பொருத்தப்படும். யார் யார் பொருந்தினார்கள் என்ற பெயர் விவரம் விளம்பரதாரருக்குத் திரும்ப வராது. ஆனால் அவர்களுக்கு மட்டும் விளம்பரம் காட்ட முடியும். அவர்களைப் போன்ற குணங்கள் உள்ள மற்றவர்களையும் கண்டுபிடித்துக் காட்டும்படி கேட்கவும் முடியும். கூகுள் தேர்தல் விளம்பரங்களுக்கு இப்படிப் பட்டியல் ஏற்றுவதை அனுமதிப்பதில்லை. ஆகவே ஒரே எண்ணை வைத்து ஓரிடத்தில் உங்களைத் தொட முடியும், இன்னோரிடத்தில் முடியாது.

இதைத் தடுக்கும் சட்டம் இல்லையா என்றால், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் தொடர்பான முக்கியப் பிரிவுகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் வகையில் அவகாசம் தரப்பட்டுள்ளது. முகாமுக்கென்று கொடுத்த எண்ணைப் பிரசாரத்துக்குத் திருப்புவது, சட்டத்தின் கால அட்டவணை என்னவாக இருந்தாலும், நம்பிக்கை மோசடி என்றே நான் கருதுகிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிட் நோட்டீஸ் என்றால் கீழே அச்சகத்தின் பெயர் இருக்கும். இணைய விளம்பரத்துக்கு அப்படி ஒன்றும் கிடையாதா?

அச்சகத்தின் பெயரும் வெளியிடுபவரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127அ பிரிவு. இணையத்துக்குத் தனிப் பிரிவு இல்லாவிட்டாலும், தேர்தல் ஆணையம் 2013 அக்டோபர் 25 அன்று வெளியிட்ட அறிவுறுத்தல், தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு இருந்த முன்சான்று முறையைச் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் விரித்தது. ஊடகச் சான்றளிப்பு மற்றும் கண்காணிப்புக் குழுவிடம், பதிவு பெற்ற கட்சிகளும் போட்டியிடும் வேட்பாளர்களும் 3 நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் 7 நாட்களுக்கு முன்பும் விண்ணப்பிக்க வேண்டும். விளம்பரத்தின் பிரதியோடு, அதன் முழு வாசகம், தயாரிப்புச் செலவு, வெளியிடும் செலவு ஆகியவற்றையும் தர வேண்டும். வேட்பாளர் தம் சொந்தக் கணக்கில் காசு கொடுக்காமல் எழுதும் பதிவுகளுக்கு இந்தச் சான்று தேவையில்லை.

ஆனால் ஆசிரியர் ஐயா, நோட்டீசுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு பெயர் இருப்பதோ இல்லாததோ அல்ல. மணிக்கூண்டுச் சுவரில் ஒட்டியதை எதிர்க்கட்சிக்காரரும் படிப்பார், மறுநாளே பக்கத்தில் பதில் ஒட்டுவார். குறிவைத்த விளம்பரத்தைப் பதில் சொல்ல வேண்டியவர் பார்க்காமலேயே போகலாம். மீனவருக்கு ஒரு வாக்குறுதியும் தொழிற்சாலை முதலாளிக்கு அதற்கு நேர் எதிரான வாக்குறுதியும் ஒரே நாளில் கொடுத்துவிட்டு, இருவரும் சந்திக்காதவரை தப்பித்துக்கொள்ள முடியும். எண்ணூர் முகத்துவாரத்தைப் பற்றிய வாக்குறுதிகளை இந்தக் கண்ணோடு படியுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு வாசகர்: யார் காசு கொடுத்தார்கள் என்று நாமே பார்க்க முடியுமா?

முடியும். மெட்டாவின் விளம்பர நூலகம், கூகுளின் விளம்பர வெளிப்படைத்தன்மை மையம் இரண்டும் அதற்கு உள்ளவை; இந்திய அரசியல் விளம்பர விவரங்களை இரு நிறுவனங்களும் 2019 மக்களவைத் தேர்தலை ஒட்டி வெளியிடத் தொடங்கின. கணக்கு இல்லாமலே பார்க்கலாம். மெட்டாவில் நாட்டை இந்தியா என்றும் வகையைத் தேர்தல், அரசியல் என்றும் தேர்ந்தெடுத்து, தொகுதிப் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விளம்பரத்துக்கும் பணம் செலுத்தியவர் பெயர், எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை செலவு, எந்த வயது ஆண், பெண்களுக்குக் காட்டப்பட்டது என்பவை இருக்கும். அரசியல் விளம்பரங்கள் 7 ஆண்டுகள் வைக்கப்படுகின்றன.

குறை என்னவென்றால், காட்டப்பட்ட இடம் பொதுவாக மாநில அளவில்தான் இருக்கும். திருவொற்றியூருக்கு மட்டும் காட்டியதும் அங்கே தமிழ்நாடு என்றே பதிவாகும். 2022 முதல் ஒரு பக்கம் எந்த இடங்களைக் குறிவைத்துச் செலவழித்தது என்ற தொகுப்பு தனியே கிடைக்கிறது; அதையும் சேர்த்துப் பாருங்கள். பணம் செலுத்தியவர் பெயரில் கட்சி இல்லாமல், ஆறு மாதம் முன்பு தொடங்கிய ஏதோ ஒரு பக்கம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. சட்டமன்றத் தொகுதியில் ஒரு வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரைதான் செலவழிக்கலாம், கட்சிக்கோ உச்சவரம்பு இல்லை. வேறு பெயரில் செலவழிக்க ஆசை பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

பெரம்பூரிலிருந்து ஓர் இளைஞர்: பிரசாரம் ஓய்ந்த பிறகும் விளம்பரம் வந்தால்?

வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் அமைதிக் காலம். வேறொரு போனில், தேர்தல் ஆணையத்தின் விதிமீறல் புகார்ச் செயலியான சி-விஜிலைத் திறந்து, தேதி, நேரம் தெரியும்படி அந்தத் திரையை நேரடியாகப் படம் பிடித்து அனுப்புங்கள் (சேமித்து வைத்த படத்தை அது ஏற்காது), அல்லது வாக்காளர் உதவி எண்ணான 1950இல் சொல்லுங்கள். விளம்பரத்தின் இணைப்பையும் தாருங்கள். படம் மட்டும் இருந்தால் எந்தக் கணக்கு என்று கண்டுபிடிப்பது கடினம்.

கொடுங்கையூரிலிருந்து ஒரு வாசகி: இவ்வளவு சிக்கல் என்றால் இதை அடியோடு தடை செய்துவிடலாமே?

ட்விட்டர் 2019 நவம்பரில் அரசியல் விளம்பரத்தை உலகம் முழுவதும் நிறுத்தியது; 2023இல் மீண்டும் திறந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 அக்டோபரில் கடுமையான வெளிப்படைத்தன்மைச் சட்டம் அமலுக்கு வந்தபோது, கூகுளும் மெட்டாவும் அங்கே அரசியல் விளம்பரத்தையே நிறுத்திக்கொண்டன. பெரிய மேடை போடப் பணமில்லாத சுயேச்சைக்குச் சில ஆயிரம் ரூபாயில் தன் வார்டு மக்களிடம் பேச இருக்கும் வழி இது என்பதால், முழுத் தடையை நான் கேட்கமாட்டேன். தொகுதி அளவில் யாருக்கு என்ன காட்டப்பட்டது என்பதை அன்றன்றே வெளியிடக் கட்டாயப்படுத்த வேண்டும் என்று கேட்பேன்.

எண்ணூரிலிருந்து முதல்முறை வாக்களிக்கப் போகும் மாணவி: என் போனில் நான் என்ன செய்ய வேண்டும்?

ஆண்ட்ராய்டு என்றால் அமைப்புகளில் தனியுரிமை, அதற்குள் விளம்பரங்கள் என்ற இடத்தில் விளம்பர அடையாள எண்ணை நீக்கிவிடுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் விளம்பரத் தலைப்புகள் பகுதியில் சமூகப் பிரச்சினை, தேர்தல், அரசியல் ஆகியவற்றைக் குறைவாகக் காட்டும்படி தேர்ந்தெடுக்கலாம். ஆனால் விளம்பரத்தின் மூன்று புள்ளியைத் தொட்டு, இது ஏன் எனக்குக் காட்டப்படுகிறது என்பதைப் படிக்கும் பழக்கத்தையே நான் முதலில் பரிந்துரைப்பேன், அம்மா. உங்கள் தோழி வேறு கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. இருவர் போனையும் பக்கத்தில் வைத்து, ஒரே வேட்பாளர் உங்களிடம் என்ன சொல்கிறார், அவரிடம் என்ன சொல்கிறார் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் முரண்பட்டால், வீடு தேடி ஓட்டுக் கேட்க வரும்போது அந்த இரண்டு விளம்பரங்களின் படங்களையும் காட்டி வேட்பாளரிடமே விளக்கம் கேளுங்கள்.